எதிரொலிக்கு ஒரு கிளைக் குழாய்

எங்கள் ஊரில் மைக் அக்காவின் குரலைக் கேட்காதவர் என்று யாராவது இருந்தால், அவர் பிறந்ததிலிருந்து பேருந்து ஏறாதவராக இருக்க வேண்டும். பேருந்து நிலையத்து மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஓர் அறை. ஆள் உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. நாற்காலியை நகர்த்தினால் கதவு திறக்காது. அதில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொன்ன பிறகுதான் வண்டிகளுக்கே தாங்கள் எங்கே போகிறோம் என்று தெரியும் என்பார்கள்.

இத்தனை பேர் கேட்கிறார்களே, இவளுக்கு என்ன குறை என்று நினைக்கலாம். குறை இருந்தது. ஒருவர்கூட அவள் சொல்வதைக் கடைசிவரை கேட்டதில்லை. "பன்னிரண்டாம் எண்" என்று வாயெடுத்ததுமே பன்னிரண்டுக்கு உரியவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது தங்கள் வண்டி இல்லை என்று தெரிந்துவிடும், காதைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு மத்தியானம், பார்த்துவிடுவோமே என்று, "நான்காம் மேடையில் நிற்கும் வண்டியில், ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் ஒரு புலி அமர்ந்திருக்கிறது, பயணிகள் இடம் விட்டு அமரவும்" என்று அதே குரலில் சொன்னாளாம். வண்டி நிரம்பிப் புறப்பட்டது. ஒரே ஒரு பெரியவர் மட்டும், புலி எங்கே இறங்கும், அந்த இடம் எனக்குக் கிடைக்குமா என்று நடத்துநரிடம் கேட்டாராம். இதை அவளே எனக்குச் சொன்னாள், ஆகையால் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நம்ப வேண்டும். எந்தப் பாதி என்பது உங்கள் பாடு.

இப்படி இருக்கையில்தான் ஒலிப்புத்தகம் போடும் கம்பெனி ஒன்று கதை வாசிக்க ஆள் தேடுவதாக அவளுக்குத் தெரியவந்தது. எழுதிப் போட்டாள். ஒன்பது பக்கக் கதை ஒன்றை அனுப்பினார்கள். வீட்டிலேயே பதிவு செய்து ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். எங்கேயும் வெட்டி ஒட்டக் கூடாது, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். பின்னணியில் சத்தம் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. ஒருவர் உட்கார்ந்து, ஓடாமல், முழுசாகக் கேட்கப்போகிறார் என்ற நினைப்பிலேயே அக்கா இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். சட்டைப் பையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு ரப்பர் வாஷர் கிடக்கும் என்பதால் ஊரே அவரை வாஷர் என்றுதான் கூப்பிடும். கோபித்துக்கொள்ள மாட்டார், "என்ன சைஸ்?" என்று கேட்பார். கீபோர்டு வாத்தியார் ஒருவர் வீட்டுச் சுவரில் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் மூன்று வருடமாகக் கசிந்துகொண்டிருந்த தண்ணீரை, சுவரில் காதை வைத்துக் கேட்டே கண்டுபிடித்து நிறுத்தினவர் அவர். அந்த நன்றிக்கு வாத்தியார், ஒரு நல்ல மைக்கையும் செங்கல் அளவில் ஒரு சிவப்புப் பெட்டியையும் ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். அந்தப் பெட்டிக்குப் பெயர் ஆடியோ இன்டர்ஃபேஸ். மைக்கில் பேசுவதைக் கணினிக்கு அனுப்பும். கணினியில் இருப்பதைக் காதுக்கு அனுப்பும். மடிக்கணினி நாத்தனாருடையது. அவள் முன்னறையில் தையல் தைக்கிறவள், டிசைன் பார்ப்பதற்காக வைத்திருந்தாள். கிழடு தட்டிய மடிக்கணினி. ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க் கை கழுவி வந்தால் சரியாகத் திறந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை படுக்கையறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றினார்கள். மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தினார்கள். துணி அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் மைக்கை நிறுத்தினார்கள், துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். பெட்டியை இணைப்பது வாஷரின் பொறுப்பு. அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. மைக் கிணறு, பெட்டி மோட்டார், மடிக்கணினி தொட்டி, ஹெட்போன் குழாய். முன்பக்கத்துத் திருகு வால்வு, அதிகம் திறந்தால் சிவப்பு விளக்கு எரிகிறதே, அது தொட்டி நிரம்பி வழிகிறது. ஒவ்வொரு ஒயரிலும் துணித்துண்டு கட்டி, மெயின், கிளை என்று எழுதினார்.

எல்லாம் சரியாகத்தான் செய்தார், ஒன்றைத் தவிர. மடிக்கணினியில் பெட்டிக்கான அமைப்புப் பக்கத்தில் லூப்பேக் என்று ஒரு சுவிட்ச் இருந்தது. கணினியிலிருந்து வெளியே போகும் சத்தத்தையே மறுபடி உள்ளே திருப்பி விடுவது அது. வாஷர் முப்பது வருடமாகக் குழாய் போடுகிறவர். தொட்டிக்குத் திரும்பும் லைன் இல்லாமல் ஒரு வீட்டை விட்டு அவர் இறங்கியதே கிடையாது.

"ரிட்டர்ன் லைன் குடுத்திருக்கான் பாரு," என்று மகிழ்ந்துபோய் அதைத் திறந்துவிட்டார்.

அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு "வணக்கம்" என்றாள். வணக்கம் கணினிக்குப் போனது, காதுக்கு வந்தது, வந்தது மறுபடி கணினிக்குப் போனது, கூட ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. நாலு சுற்றில் அது வணக்கமாக இல்லை, ஊளையாக இருந்தது. அக்கா ஹெட்போனைப் பிடுங்கிக் கட்டிலடியில் எறிந்தாள். முன்னறையில் நாத்தனாரின் ஊசி, யாரோ ஒருவரின் கால்சட்டைப் பையை நிரந்தரமாக மூடித் தைத்துவிட்டது. மூன்றாவது தெருவில் ஒரு நாய் அந்த ஊளைக்குப் பதில் சொன்னது. இன்றுவரை அதற்குத் திருப்தியான மறுபதில் கிடைக்கவில்லை என்று கேள்வி.

வாஷர் அசரவில்லை. அழுத்தம் அதிகம் என்று வால்வைக் கால் திருகு மூடினார். ஊளை அடங்கியது. இப்போது அக்கா பேசினால் அவளுடைய குரல் காதில் ஒரு தடவை கேட்டு, சற்றுப் பின்னால் இன்னொரு தடவை மெல்லக் கேட்டு, தேய்ந்து மறைந்தது. அந்த நிலையில் கதையை எடுத்துப் படித்தாள். ஒரு மனிதன் தன் கழுதையைத் தூரத்து ஊரில் விற்றுவிட்டு வீட்டுக்கு நடந்து திரும்புகிற கதை. நாலு பக்கம் ஒரு பிசகில்லாமல் ஓடியது. கழுதை நடந்தால் கேட்பவன் காலில் தூசி படும், அப்படிப் படித்தாள். வாஷர் எழுந்து நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

பதிவைப் போட்டுக் கேட்டார்கள். ஒருத்தி கதை படிக்கிறாள், இன்னொருத்தி பின்னாலேயே நின்று அவளைப் பழித்துக்காட்டுகிறாள் என்பதுபோல் இருந்தது. திரும்பி வந்த குரலும் சேர்ந்து பதிவாகியிருந்தது.

"ரெண்டு அண்ணி," என்றாள் நாத்தனார் வாசலிலிருந்து. "ஒண்ணையே இந்த வீடு தாங்கல."

வாத்தியாருக்குப் போன் போட்டார்கள். அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது. பிறகு சொன்னார்: லூப்பேக்கை மூடு. கணினி வழியாகக் குரல் திரும்பி வருவதை மூடு. பெட்டியில் ஒரு பக்கம் நேர்க்குரல், மறுபக்கம் கணினி என்று ஒரு திருகு இருக்கும், அதை நேர்க்குரல் பக்கம் முழுசாகத் திருப்பு. கணினியைச் சுற்றாமல் குரல் நேரே காதுக்கு வரும். வாஷர் அப்படியே செய்தார். பதிவு கண்ணாடிபோல் வந்தது. தண்ணீரில் கல் கிடப்பது தெரிகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது.

அதன் பிறகுதான் அக்காவால் படிக்க முடியாமல் போனது.

முதல் வாக்கியம் ஒழுங்காக வரும். இரண்டாவது அதன் குதிகாலை மிதிக்கும். மூன்றாவது இரண்டையும் தள்ளிக்கொண்டு முன்னால் போகும். முதல் பக்கம் முடிவதற்குள் பையிலிருந்து கொட்டிய கோலிக்குண்டுபோல் சொற்கள் ஓடிக்கொண்டிருக்கும், அக்கா ஏதாவது ஒன்றில் வழுக்கி விழுவாள். வெட்டி ஒட்டக் கூடாது என்பதால் மறுபடி முதலிலிருந்து. புதன்கிழமை வேலை முடிந்து வந்து பதினோரு தடவை. வியாழன் பதினான்கு தடவை. கழுதை ஒரு தடவைகூடச் சந்தையைத் தாண்டவில்லை. நாற்காலி சரியில்லை என்று முக்காலியில் உட்கார்ந்தாள். முக்காலி சரியில்லை என்று நின்றாள். வாஷர் மூச்சு விடுவது தொந்தரவாக இருக்கிறது என்றாள். அவர் வெளியே போய் மூச்சு விட்டுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது. தான் போட்ட லைனில் ஒரு பழுதும் இல்லை என்று அவர் சொல்ல, அப்படியானால் பழுது என்னிடம் என்கிறீர்களா என்று இவள் கேட்க, அவர் அதற்கு யோசித்துப் பதில் சொல்ல நினைத்ததுதான் தப்பாகப் போனது. அந்த மாதிரிக் கேள்விக்கு யோசிக்கவே கூடாது. அக்கா ஒன்பது பக்கத்தையும் நாலாக மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

"எனக்கு பஸ்ஸுதாங்க," என்றாள். "ஓடுறவங்களுக்குச் சொல்லிச் சொல்லி நாக்கும் ஓட ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்கு அந்தப் பெட்டிய வாத்தியார்கிட்ட குடுத்துடுங்க."

அவர் ஒயர்களில் கட்டியிருந்த துணித்துண்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிக் கட்டினார். நாத்தனார்கூட அன்று வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் அது எவ்வளவு பெரிய துக்கம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை வாஷருக்குப் பேருந்து நிலையத்திலிருந்தே அழைப்பு வந்தது. மாடித் தொட்டியில் மிதவை வால்வு கெட்டு, தண்ணீர் வழிந்து, மூன்றாம் மேடையில் நிற்பவர்கள் எல்லோரும் குடையோடு நின்றார்கள். அவர் ஏறிப்போய் அதைச் சரிசெய்துவிட்டு, கீழே இறங்கும் வழியில் அக்காவின் அறை ஜன்னலோரம் நின்றார். பத்தொன்பது வருடத்தில் அவள் வேலை செய்வதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. முதல்நாள் சண்டையின் மிச்சம் இருந்ததால் உள்ளே போகவில்லை.

அக்கா மைக்கில், "ஏழாம் எண் பேருந்து" என்றாள். நிறுத்தினாள். மைதானத்தின் அந்தக் கோடியில், பணிமனைக் கூரைமேல் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து "ஏழாம் எண் பேருந்து" என்று அவளுடைய குரல் சாவகாசமாக நடந்து வந்தது. அது வந்து ஜன்னலைத் தொட்டதும், தலையை லேசாக ஆட்டிவிட்டு, "இரண்டாம் மேடையிலிருந்து" என்றாள். மறுபடி நிறுத்தினாள். அது வந்தது. தலை ஆடியது. அடுத்த துண்டு.

வாஷர் அங்கேயே பதினெட்டு அறிவிப்பு நின்றார். ஒன்றில்கூட அந்தத் தலையாட்டு தப்பவில்லை. ஒரு தடவை சரக்கு லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு போனதில் கோடிக் குரல் கேட்காமல் போனது. அக்கா அன்றைக்கு உளறிய ஒரே அறிவிப்பு அதுதான். அவர் ஸ்பேனரைப் பைக்குள் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தார் என்று நாத்தனார் சொன்னாள். வழியில் அவரைப் பார்த்தவர்கள் யாரையோ அடிக்கப் போகிறார் என்று நினைத்து ஒதுங்கினார்களாம்.

"லைன்லயும் பழுதில்ல, உன் அண்ணிகிட்டயும் பழுதில்ல," என்றார் மூச்சு வாங்க. "அவ சொன்னது திரும்பி வந்தாத்தான் அடுத்தது சொல்லுவா. பழகிப்போச்சு. நாம அத அடைச்சுப்புட்டோம்."

"திறந்துவிட்டா மறுபடி ரெண்டு அண்ணி வருவாங்களேண்ணா."

அதுதான் கேள்வி. அவளுடைய காதுக்கு எதிரொலி வேண்டும், பதிவுக்குள் அது போகக் கூடாது. வாஷர் தரையில் உட்கார்ந்து, துணியில் அளவு குறிக்கும் சாக்குக்கட்டியால் சிமெண்டில் கோடு போட்டார். அரை மணி நேரம் அழித்து அழித்துப் போட்டார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டார். ஒரு வீட்டில் குடிக்கிற தண்ணீரும் தோட்டத்துக்குப் போகிற தண்ணீரும் ஒரே மெயினில்தான் வரும். மீட்டரைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிப்பதில்லையா? தோட்டத்துக் குழாயில் எருவைக் கரைத்து விட்டாலும் குடிதண்ணீர் கெடாது, கிளை திரும்பி மெயினில் சேராமல் இருக்கிறவரை. தான் செய்த தப்பு அந்தச் சேர்ப்புதான்.

மடிக்கணினியில் குரல் ஓட இரண்டு தடம் போட்டார். இரண்டுக்கும் ஒரே மைக். முதல் தடம் பதிவாகும், காதுக்கு வராது. இரண்டாவது தடத்தில், கணினிக்குள்ளேயே இருந்த எதிரொலிக் கருவியை மாட்டினார். அது காதுக்கு வரும், பதிவாகாது. லூப்பேக் மூடியது மூடியபடி இருந்தது, அதன்மேல் ஒரு துண்டுத்துணியை ஒட்டிப் பெருக்கல் குறி போடாத குறை. நேர்க்குரல் திருகை நடுவில் வைத்தார், சொல்கிற குரலும் கேட்க வேண்டும், பின்னால் வருகிற குரலும் கேட்க வேண்டும்.

மாலை அக்கா வேலை முடிந்து வந்ததும் அவளைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டவளின் காதில் ஹெட்போனை மாட்டி, ஏதாவது சொல்லு என்றார்.

"ஏழாம் எண் பேருந்து," என்றாள் அக்கா, வேறென்ன வரும் வாயில்.

எதிரொலி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தள்ளி வந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"பக்கத்துச் செவுத்துல பட்டு வர்ற மாதிரி இருக்கு."

அவர் கொஞ்சம் தள்ளினார். மறுபடி சொன்னாள். இன்னும் தள்ளுங்கள் என்றாள். ஐந்தாம் மேடைக்குப் போயிற்று, கழிப்பறையைத் தாண்டிற்று, டீக்கடை வந்தாயிற்று என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கால் நொடியில் வந்து நின்றபோது கண்ணை மூடிக்கொண்டு தலையை லேசாக ஆட்டினாள். எதற்காக இதெல்லாம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அவர் அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் படித்தாள். நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"என்ன பண்ணீங்க?"

"உன் பஸ் ஸ்டாண்ட வீட்டுக்குள்ள கொண்டுவந்தேன். வெளிய யாருக்கும் கேக்காது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் நாத்தனார் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தெருவில் யாரும் கதவைத் தட்டாமல் காவலுக்குப் படியில் போய் உட்கார்ந்தாள். பாத்திரம் விற்கிறவன் ஒருவனைக் கண்ணாலேயே திருப்பி அனுப்பினாளாம். ஹெட்போன் ஒயரின் நுனி தளர்ந்து போயிருந்ததால் அதைப் பெட்டியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு வாஷர் மெத்தைக்குப் பின்னால் குந்திக்கொண்டார். அக்கா முதல் வரியைத் தொட்டாள். ஒவ்வொரு வாக்கியமும் போய், திரும்பி வந்து, உட்கார்ந்த பிறகுதான் அடுத்ததைக் கிளப்பினாள். கழுதை சந்தையைத் தாண்டியது. மனிதன் வெறும் கயிற்றோடு திரும்பி நடந்தான். நாற்பத்தொரு நிமிடத்தில் ஒன்பது பக்கமும் முடிந்தது. போட்டுக் கேட்க நேரம் இருந்தது, தைரியம் இல்லை. முதல் அரை நிமிடம் மட்டும் கேட்டார்கள். ஒரே ஓர் அண்ணிதான் இருந்தாள். அனுப்பும் தைரியம் ஐந்தே முக்காலுக்குத்தான் வந்தது. அந்த மடிக்கணினிக்கு அதை அனுப்பி முடிக்கப் பதினான்கு நிமிடம் ஆனது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை மாலை கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அக்கா எழுந்து நின்றுகொண்டே பேசினாள். அந்தப் பெண் ஏதேதோ சொன்னாள். குரல், நிதானம், ஒப்பந்தம் என்றெல்லாம். அக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை.

"முழுசா கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேங்க. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும். ரெண்டு தடவ. முதல் தடவ வேலைக்கு, ரெண்டாவது தடவ வீட்ல உக்காந்து. ஏழாம் பக்கத்துல மட்டும் ஒரு சத்தம் இருக்கு. அவன் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே கழுதை வந்து வாசல்ல நிக்குதில்ல, அந்த எடத்துல யாரோ மூக்க உறிஞ்சுறாங்க. மூணு தடவ. அந்த ஒரு பக்கத்த மட்டும் திருப்பிப் படிச்சு அனுப்புங்க, நாங்க சேத்துக்கிறோம். வேலை உங்களுக்குத்தான்."

அக்கா போனை வைத்துவிட்டு மெத்தைப் பக்கம் திரும்பினாள். வாஷர் தொட்டிக்குள் விழுந்துவிட்ட எதையோ தேடுகிறவர்போல் சட்டைப் பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சளி," என்றார்.

"சளியா?"

"அந்தக் கழுதை இருக்கே," என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

பெட்டியை இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்ள வாத்தியார் ஒப்புக்கொண்டார். ஏழாம் பக்கத்துக்கு வாஷர் அறைக்குள் இருக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. ஒயர் நுனியை ரப்பர் வாஷர் ஒன்றால் இறுக்கிவிட்டு வெளியே வந்தவருக்கு மனம் கேட்கவில்லை. பெட்டியின் பின்னால் சத்தம் வெளியே போகும் வாய் இரண்டு சும்மா கிடந்தது நினைவுக்கு வந்தது. முதல் தடத்திலிருந்து எதிரொலி கலக்காத ஒரு கிளையை அதற்குத் திருப்பி, ஐந்து மீட்டர் ஒயர் வாங்கி, கதவிடுக்கு வழியாக முன்னறைவரை இழுத்து, நுனியில் இன்னொரு ஹெட்போனை மாட்டினார். ஒரு காதை அவர் வைத்துக்கொண்டு மற்றதை நாத்தனாரிடம் நீட்டினார். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"அண்ணி, ஏழாம் பக்கம் மட்டும் கேட்டா எனக்கு என்ன புரியும்? அந்தக் கழுதைய எதுக்கு வித்தான்னே தெரியாது. நான்தான் படியில காவல் இருந்தேனே."

ஒரு பக்கம் போதும் என்றுதான் கம்பெனி சொல்லியிருந்தது. அக்கா அவளைக் கதவைச் சாத்தச் சொன்னாள். இரண்டு பேரும் உட்காரும்வரை காத்திருந்தாள். பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, காகிதக் கட்டைத் திருப்பி, முதல் பக்கத்தை எடுத்து மேலே வைத்தாள்.